வாசிக்க மறுத்தவரின் வகுப்பறை

1888-இல் பார்சிலோனா நகராட்சி இசைப் பள்ளியில் செல்லோ கற்கப் போன பிள்ளைகள் கையில் ஒரு புத்தகத்தையும் கொடுத்தார்கள். படிப்பதற்கில்லை. வலது அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசிக்க வேண்டும். வில்லை இழுக்கும்போது புத்தகம் கீழே விழுந்தால், முழங்கை உடம்பை விட்டு விலகிவிட்டது என்று அர்த்தம். அது தப்பு. மேல்கை அசையாமல் முன்கையும் மணிக்கட்டும் மட்டும் போய்வர வேண்டும் என்பது அந்தக் காலத்துச் செல்லோ இலக்கணம்.

பதினொரு வயதில் அங்கே சேர்ந்த ஒரு பையனுக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. வீட்டுக்குப் போய்ப் புத்தகம் இல்லாமல் வாசித்துப் பார்த்தான். கை தோளிலிருந்து தாராளமாக வீசி வந்தது. அப்புறம் அவன் புத்தகத்தைத் தொடவே இல்லை. அவன் பெயர் பாவ் கசால்ஸ். உலகம் பெரும்பாலும் பாப்லோ கசால்ஸ் என்று ஸ்பானிய வழக்கில் சொல்லும். அவர் ஸ்பெயினின் வடகிழக்கில், பார்சிலோனாவைச் சுற்றியுள்ள கட்டலோனியாவைச் சேர்ந்தவர், பாவ் என்பதுதான் வீட்டில் வழங்கிய பெயர்.

செல்லோ என்றால் நம்மில் பலருக்குச் சினிமாப் பாட்டில், கதாநாயகன் தனியாக நடந்துபோகும் இடத்தில் கேட்கிற அந்தக் கனத்த குரல்தான் ஞாபகம் வரும். வயலின் குடும்பம்தான், ஆனால் முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, அடியில் ஒரு கம்பியைத் தரையில் ஊன்றி உட்கார்ந்து வாசிப்பது. வயலினில் தந்தியின் அதிரும் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர், செல்லோவில் சுமார் 69. அதாவது அடுத்தடுத்த ஸ்வரங்களுக்கு நடுவே இரண்டு மடங்கு தூரம். அதனால் இடது கை ஓயாமல் மேலும் கீழும் தாவ வேண்டியிருந்தது. ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு இழுவைச் சத்தம் வரும், ரசிகர்களும் அதைப் பொறுத்துக்கொள்வார்கள். கசால்ஸ் இதிலும் கை வைத்தார். கையை முழுதாக நகர்த்துவதற்குப் பதிலாக விரல்களை அகட்டி நீட்டினார். தாவல்கள் குறைந்தன, இழுவைகளும் குறைந்தன. பாட்டு எங்கே குழைய வேண்டுமோ அங்கே மட்டும் குழைந்தது. அவருடைய ஆசிரியர் ஜோசப் கார்சியா முதலில் திகைத்தார், பிறகு ஏற்றுக்கொண்டார். அந்தக் கார்சியா 1890-களின் நடுவில் ஊரை விட்டுக் கிளம்பியபோது, அதே பள்ளியில் அவருடைய வேலைக்கு வந்தவர் கசால்ஸ்தான். விதியை மீறிய பையன் அதே விதி நடந்த வகுப்பறையில் வாத்தியாராக உட்கார்ந்தபோது அவருக்கு இருபது வயது இருக்கும்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கசால்ஸைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக இரண்டு கசால்ஸைக் காட்டுவார்கள். ஒருவர் இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் செல்லோ கலைஞர், மற்றவர் ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவை எதிர்த்து மேடையைத் துறந்த மனசாட்சி மனிதர். மூன்றாவதாக ஒருவர் உண்டு, அவர்தான் ஆசிரியர். முதல் இருவரையும் சேர்த்துக் கட்டுகிற கயிறு அவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கசால்ஸ் பிறந்தது 1876 டிசம்பர் 29, எல் வென்ட்ரெல் என்ற சிற்றூரில். அப்பா கார்லெஸ் உள்ளூர்த் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். அம்மா பிலார் தெஃபிலோ போர்ட்டோ ரிக்கோ தீவில் பிறந்தவர். ஒருநாள் ஊருக்கு நாடோடிப் பாட்டுக்காரர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவன் துடைப்பக் கட்டையில் தந்தி கட்டி வாசித்ததைப் பையன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். வீட்டில் வந்து ஒரே புராணம். அப்பா ஒரு சுரைக்காய்க் குடுக்கையை எடுத்து, அதில் கட்டையைப் பொருத்தி, ஒற்றைத் தந்தி மாட்டிக் கொடுத்தார். உலகப் புகழ் பெற்ற செல்லோ கைகளுக்கு முதலில் கிடைத்தது ஒரு சுரைக்குடுக்கை. நம் ஊர் வீணையின் சுரைக்காயை நினைத்தால் இது ஒன்றும் விசித்திரமாகத் தெரியாது.

மகனைத் தச்சு வேலைக்கு அனுப்பலாம் என்று அப்பா நினைத்தார். ஊருக்குக் கச்சேரி செய்ய வந்த கார்சியாவின் வாசிப்பை அவன் கேட்ட பிறகு, அம்மாதான் பிடிவாதமாக அவனைப் பார்சிலோனாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

படிப்புச் செலவுக்காகப் பையன் தோஸ்த் என்ற காப்பிக் கடையில் மூவர் குழுவில் வாசித்தான். காப்பிக் கடையில் என்ன வாசிப்பார்கள்? ஜனங்களுக்குத் தெரிந்த மெட்டுகள், நடன இசை. வாரத்தில் ஒரு ராத்திரியாவது கனமான சங்கீதம் வாசிக்கலாம் என்று முதலாளியிடம் பேசி ஒப்புக்கொள்ள வைத்தான். அந்த ராத்திரிக்கென்றே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சரி, வாரா வாரம் புதிதாக எதையாவது வாசிக்க வேண்டுமே? உருப்படி தேடி அப்பாவும் மகனும் பழைய இசைப் பிரதிகள் விற்கும் கடைகளில் ஏறி இறங்கினார்கள். அப்படித் துழாவியபோதுதான் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதிய, துணை வாத்தியம் இல்லாத ஆறு செல்லோ தொகுப்புகள் கையில் சிக்கின. ஒவ்வொரு தொகுப்பும் பல சிறு உருப்படிகளை வரிசையாகக் கோத்தது. அவனுக்கு அப்போது பதின்மூன்று வயது.

அந்தத் தொகுப்புகள் யாருக்கும் தெரியாதவை என்று சொல்வது மிகை. 1720 வாக்கில் எழுதப்பட்டவை. பாக்கின் சொந்தக் கையெழுத்துப் பிரதி கிடைக்கவில்லை, அவர் மனைவி அன்னா மாக்தலேனா எடுத்த நகல் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சிலும் வந்தன. ஆனால் அவற்றை விரல் பயிற்சிக்கான சாதகப் பாடமாகத்தான் வைத்திருந்தார்கள். மேடையில் யாராவது வாசித்தாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிய்த்து வாசிப்பார்கள். சரளி வரிசையைக் கச்சேரியில் யார் வாசிப்பார் என்கிற மாதிரி. கசால்ஸ் சுமார் பன்னிரண்டு வருடம் அவற்றை வீட்டில் தினமும் வாசித்தார். பிறகே ஒரு முழுத் தொகுப்பை மேடைக்குக் கொண்டுவந்தார். ஆறையும் இசைத்தட்டில் பதிந்தது 1936-க்கும் 1939-க்கும் நடுவில், அறுபதைத் தொட்ட வயதில். இன்று செல்லோ கற்கும் எந்தப் பிள்ளையும் இந்த ஆறைத் தாண்டிப் போக முடியாது.

நடுவில் நடந்த புகழ்க் கதையை நான் நீட்டப்போவதில்லை. மாட்ரிட் அரண்மனையின் ஆதரவு, 1899-இல் விக்டோரியா மகாராணி முன்னால் கச்சேரி, 1904-இல் வெள்ளை மாளிகை, பியானோவுக்கு ஆல்பிரட் கார்த்தோ, வயலினுக்கு ழாக் திபோ என்று அமைந்த மூவர் குழு. எல்லாம் பெரிய பெயர்கள். 1919-இல் அந்தக் கார்த்தோவுடன் சேர்ந்து பாரிஸில் எகோல் நார்மால் என்ற இசைப் பள்ளியைத் தொடங்கியதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். அங்கே கசால்ஸின் முறையை எழுத்தில் கொண்டுவரும் வேலையைத் திரான் அலெக்சானியன் செய்தார்.

எனக்குப் பாரிஸை விடப் பார்சிலோனாவில் அவர் செய்ததுதான் முக்கியமாகப் படுகிறது. 1920-இல் அங்கே தன் பெயரில் ஒரு இசைக்குழு தொடங்கினார். நகரத்தில் வாத்தியக்காரர்களுக்குச் சம்பளம் அற்பம், ஆளுக்கு இரண்டு மூன்று வேலை. ஒழுங்காக ஒத்திகைக்கு வர யாருக்கும் நேரம் இல்லை. கசால்ஸ் நல்ல சம்பளம் கொடுத்தார், விழுந்த துண்டைப் பல வருடம் தன் கச்சேரி வருமானத்திலிருந்து போட்டு நிரப்பினார். குழு தேறியது. ஆனால் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் வசதியானவர்கள். ஆலைத் தொழிலாளிக்கும் கடைச் சிப்பந்திக்கும் நுழைவுச் சீட்டு வாங்கக் கட்டுப்படியாகாது.

தொழிலாளர் கச்சேரி சங்கம் அப்படித்தான் பிறந்தது, 1920-களின் நடுவில். மாதம் 500 பெசெத்தாவுக்குள் (அன்றைய ஸ்பானிய நாணயம்) சம்பாதிப்பவர்கள் மட்டுமே உறுப்பினர் ஆகலாம். வருடச் சந்தா 6 பெசெத்தா. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அதே குழு அவர்களுக்கென்று தனியாக வாசிக்கும், கசால்ஸே நடத்துவார். இதில் அவர் பிடிவாதமாக இருந்த ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இலவசம் கிடையாது. சந்தா கட்டு, சங்கத்தை நீயே நடத்து. தானமாகக் கொடுத்தால் வாங்குகிறவன் கை தாழ்ந்துதான் இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தொழிலாளர்கள் சங்கத்தை நடத்தியது மட்டுமில்லாமல், தங்களுக்கென்று ஒரு இசைப் பத்திரிகை, ஒரு நூலகம், பாட்டு வகுப்பு என்று வளர்த்துக்கொண்டார்கள். இசைக்கல்வி என்றதும் நமக்குப் பிள்ளைகள்தான் ஞாபகம் வருவார்கள். நாற்பது வயது நெசவாளிக்குக் கேட்கக் கற்றுக்கொடுப்பதும் இசைக்கல்விதான்.

1936 ஜூலை 18 அன்று சாயங்காலம் பார்சிலோனாவில் அந்தக் குழு பேத்தோவனின் ஒன்பதாவது சிம்பனிக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. நாஜி ஜெர்மனியின் ஒலிம்பிக்குக்கு மாற்றாக நடக்கவிருந்த மக்கள் ஒலிம்பிக்கின் தொடக்க விழாக் கச்சேரி அது. மூன்றாம் பகுதி முடிந்து, பாடகர்கள் மேடையேறத் தயாரான நேரத்தில் ஒருவர் கடிதத்தோடு ஓடி வந்தார். ராணுவம் கலகத்தில் இறங்கிவிட்டது, நகரத்தை எந்த நேரமும் தாக்கலாம், உடனே கலைந்து போங்கள் என்று அமைச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். கசால்ஸ் அதை எல்லாருக்கும் படித்துக் காட்டினார். மறுபடி எப்போது சந்திப்போமோ தெரியாது, கடைசிப் பகுதியையும் வாசித்து முடித்துவிட்டுப் போகலாமா என்று கேட்டார். முடிக்கலாம் என்றார்கள். மனிதர்கள் எல்லாரும் சகோதரர்கள் என்று பாடும் அந்தப் பகுதியைப் பாடி முடித்துவிட்டு, தடுப்பரண்கள் எழும்பிக்கொண்டிருந்த தெருக்களில் வீட்டுக்கு நடந்தார்கள். விழா நடக்கவில்லை. மூன்று வருட உள்நாட்டுப் போர் தொடங்கியது.

1939-இல் கலகப் படையின் தலைவர் பிராங்கோ ஜெயித்ததும் கசால்ஸ் பிரெஞ்சு எல்லைக்கு அந்தப் பக்கம், பிராத் என்ற மலையடிவார ஊரில் போய்த் தங்கினார். அங்கேயும் கட்டலான் மொழி பேசுவார்கள். சுற்றுவட்டாரத்தில் ஸ்பானிய அகதிகளின் முகாம்கள் இருந்தன, மணலில் முள்வேலி போட்டு ஆட்களை அடைத்து வைத்திருந்தார்கள். அவர்களுக்காகப் பணம் திரட்டுவதும், கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதுவதும், உணவும் துணியும் அனுப்புவதுமாக அவருடைய நாட்கள் போயின. ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததிலிருந்தே ஜெர்மனியில் வாசிக்க மறுத்தவர் அவர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நேச நாடுகள் பிராங்கோவையும் இறக்கிவிடும் என்று நம்பினார். அவை இறக்கவில்லை. 1945-இல் இங்கிலாந்தில் கூட்டம் அலைமோத வாசித்துக்கொண்டிருந்தவர், இது புரிந்ததும் நிறுத்தினார். ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் கொடுக்க வந்த கௌரவப் பட்டங்களையும் மறுத்தார். பிராங்கோவை ஏற்றுக்கொள்ளும் எந்த நாட்டிலும் இனி வாசிப்பதில்லை என்று அறிவித்துவிட்டுப் பிராத் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவர் மேடையைத்தான் மூடினார். வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. செல்லோ கற்றுக்கொள்ள விரும்பியவர்கள் தேடி வர ஆரம்பித்தார்கள்.

1946-இல் அமெரிக்காவிலிருந்து பெர்னார்ட் கிரீன்ஹவுஸ் என்ற இளைஞர் வந்தார். வாசிப்பைக் கேட்பதற்கு நூறு டாலரை ஸ்பானிய அகதிகள் நிதிக்குக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவரைச் சேர்த்துக்கொண்ட கசால்ஸ் பாக்கின் இரண்டாம் தொகுப்பை எடுத்தார். எந்த இடத்தில் எந்த விரல், எங்கே வில் மேலே, எங்கே கீழே, எந்த ஸ்வரத்தில் எவ்வளவு அழுத்தம் என்று ஒவ்வொன்றையும் தன்னைப் போலவே வாசிக்கச் சொன்னார். இம்மி பிசகக்கூடாது. வாரங்கள் ஓடின. கிரீன்ஹவுஸுக்கு உள்ளூர எரிச்சல், பயமும்கூட. நாம் கசால்ஸின் மட்டமான நகலாக ஆகிக்கொண்டிருக்கிறோமே என்று. கடைசியில் ஒருநாள் இருவரும் சேர்ந்து வாசித்தால் ஒரே செல்லோ போலக் கேட்டது. அப்போது கசால்ஸ், நீ கீழே வை, நான் வாசிக்கிறேன், கேள் என்றார். அதே உருப்படியை முதலிலிருந்து வாசித்தார். விரல் வேறு, வில் வேறு, அழுத்தம் வேறு. இத்தனை வாரம் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றுகூட அதில் இல்லை. கிரீன்ஹவுஸ் வாயடைத்துப் போய் உட்கார்ந்திருந்தார். பாக்கில் மனோதர்மம் எப்படி என்று இப்போது கற்றுக்கொண்டாய், இனி நீயே படி என்பதுதான் கசால்ஸ் சொன்னதன் சாரம்.

குருவின் பாடாந்தரத்தை அட்சரம் பிசகாமல் ஏற்றுக்கொண்டு, பிறகு அதிலிருந்து விலகுவது நமக்குப் பழக்கமான பாதைதான். ஆனால் நம் ஊரில் விலகுவதை மாணவன்தான் செய்ய வேண்டும், அதுவும் சற்றுப் பயந்துகொண்டே. இங்கே குருவே முன்னால் போய் விலகிக் காட்டுகிறார். புத்தகத்தை அக்குளிலிருந்து நழுவவிட்ட அந்தப் பையனைத்தான் இந்த எழுபது வயதுக்காரரிடம் பார்க்கிறேன். கட்டுப்பாடே வேண்டாம் என்பது அவர் கட்சி இல்லை. அர்த்தமுள்ள கட்டுப்பாட்டை முழுதாக அனுபவித்துவிட்டுத் தாண்டு என்பதுதான்.

அவருடைய வகுப்புகளில் திரும்பத் திரும்ப வந்த ஒரு சொல் வானவில். 1960-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் நடத்திய வகுப்புகள் படம் பிடிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு சொற்றொடரும் வானவில் மாதிரி எழுந்து வளைந்து இறங்க வேண்டும், ஒரே மட்டத்தில் போகும் ஸ்வரம் செத்த ஸ்வரம் என்பது அவர் கொள்கை. ஸ்ருதியிலும் அப்படித்தான். பியானோவில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரே இடம், நகர்த்த முடியாது. தந்தி வாத்தியத்தில் ஷட்ஜத்துக்குப் போகிற நிஷாதத்தைக் கொஞ்சம் மேலே தூக்கி, ஷட்ஜத்தின் இழுப்பை உணரும்படி வாசிக்கலாம், வாசிக்க வேண்டும் என்றார். நான் நம் ஸ்வரப் பெயர்களில் சொல்கிறேன், அவர் வேறு பெயர்களில் சொன்னார். கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய காதுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. பியானோ ஸ்ருதிக்குப் பழகிய மேற்கத்திய மாணவர்களுக்கு அது அதிர்ச்சியாக இருந்திருக்கும்.

பிராத் வகுப்பறை பெரிதானது 1950-இல். பாக் இறந்து 200 வருடம் ஆனதைக் கொண்டாட உலகமெங்கும் ஏற்பாடுகள் நடந்தன, கசால்ஸ் எங்கேயும் வர மாட்டேன் என்றார். வயலின் கலைஞர் அலெக்சாண்டர் ஷ்னைடர் விடவில்லை. நீங்கள் எங்களிடம் வர வேண்டாம், நாங்கள் உங்களிடம் வருகிறோம் என்றார். அந்தச் சின்ன ஊரின் சென் பியர் தேவாலயத்தில் விழா நடந்தது. ஐசக் ஸ்டெர்ன், ருடால்ப் செர்கின், யோசப் சிகெத்தி என்று பெரியவர்கள் வந்தார்கள். குழுவின் முதல் செல்லோ போல் தோர்த்தலியே. பெரும்பாலும் இளைஞர்கள் நிறைந்த அந்தக் குழுவைக் கசால்ஸ் வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்துத் தயார் செய்தார். ஜூன் 2 அன்று, பாக்கின் முதல் செல்லோ தொகுப்போடு அவரே விழாவைத் தொடங்கினார். பேருக்குத்தான் விழா. வந்தவர்களுக்கு அது பள்ளிக்கூடம்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. பிராங்கோவை ஏற்ற நாட்டில் வாசிக்க மாட்டேன் என்றவர், பிராங்கோவோடு உறவு வைத்திருந்த பிரான்சில் வாசித்தார். 1950-களின் நடுவில் போர்ட்டோ ரிக்கோவுக்குக் குடிபோனார். அம்மா பிறந்த மண்தான், ஆனால் அமெரிக்காவின் ஆளுகையில் இருக்கும் மண். அந்த அமெரிக்கா 1953-இலேயே பிராங்கோவோடு ராணுவத் தள ஒப்பந்தம் போட்டிருந்தது. 1961 நவம்பர் 13 அன்று கென்னடியின் அழைப்பில் வெள்ளை மாளிகையிலும் வாசித்தார். கறாராகப் பார்த்தால் சபதம் ஓட்டை விழுந்ததுதான். ஆனால் விதிவிலக்குகள் எங்கே விழுந்தன என்று பார்த்தால், கற்பித்தலும் கூடி வாசிப்பதும் நடந்த இடங்களில்தான் பெரும்பாலும் விழுந்தன. வெள்ளை மாளிகையை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

போர்ட்டோ ரிக்கோவில் 1957 ஏப்ரலில் முதல் கசால்ஸ் விழாவுக்கான ஒத்திகையில் அவருக்கு மாரடைப்பு வந்தது. விழாவை நிறுத்தவில்லை. நடத்துனர் மேடையைக் காலியாகவே விட்டுவிட்டு, ஷ்னைடர் முதல் வயலின் இருக்கையிலிருந்தே குழுவை நடத்தினார். எண்பது வயதுக்காரர் பிழைத்து எழுந்தார். தீவுக்கு 1958-இல் ஒரு சிம்பனி குழு, அடுத்த இரண்டு வருடத்துக்குள் ஒரு இசைக் கல்லூரி. 1960 முதல் கோடைதோறும் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் மார்ல்பரோவுக்குப் போய் இளம் கலைஞர்களின் குழுவை நடத்தினார், கடைசி வருடம் வரை.

செல்லோ கலைஞர் கிரெகோர் பியாதிகோர்ஸ்கி எழுதிவைத்த ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். இளம் வயதில் பெர்லினில் முதல் முறை கசால்ஸ் முன்னால் வாசித்தபோது அவருக்குக் கை நடுங்கியது, வாசிப்பு படுமோசம். கசால்ஸோ பிரமாதம் பிரமாதம் என்று கட்டிக்கொண்டார். பொய்ப் பாராட்டு என்று அது வருடக்கணக்கில் உறுத்திக்கொண்டிருந்தது. பிற்பாடு பாரிஸில் இருவரும் நெருங்கிப் பழகிய பிறகு, ஒரு ராத்திரி பியாதிகோர்ஸ்கி அதைக் கேட்டேவிட்டார். கசால்ஸுக்குக் கோபம் வந்தது. செல்லோவை எடுத்தார். அன்றைக்கு இந்த இடத்தில் நீ இந்த விரலைப் போடவில்லையா, எனக்கு அது புதிது என்று அந்த வரியை வாசித்துக் காட்டினார். இந்த இடத்தை மேல் வில்லில் இப்படித் தொடங்கவில்லையா என்று இன்னொன்றை வாசித்தார். அத்தனை வருடத்துக்குப் பிறகும் ஒன்று விடாமல் ஞாபகம் இருந்தது. தப்புகளை எண்ணுவதை அறிவிலிகளுக்கு விட்டுவிடலாம், ஒரே ஒரு நல்ல ஸ்வரத்துக்கும் நான் நன்றி சொல்வேன், நீயும் சொல் என்றாராம்.

சபதத்தால் பிராங்கோ அசையவில்லை. கசால்ஸ் 1973 அக்டோபர் 22 அன்று சான் ஹுவானில், 97 வயதை எட்ட இரண்டு மாதம் இருக்கும்போது இறந்தார். பிராங்கோ அதற்குப் பிறகும் இரண்டு வருடம் ஆட்சியில் இருந்தார். ஜனநாயகம் திரும்பிய பிறகு, 1979-இல், போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அவருடைய உடலை எல் வென்ட்ரெலுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அவர் அப்பா ஆர்கன் வாசித்த ஊர் அது.